பல்லி விழுந்தால் சிக் ரூமுக்கு வரவும்

இரண்டாவது பீரியட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சிக் ரூம் வாசலில் ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள். நடுவில் இருந்தவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்திருந்தார்கள்.

ஒருத்தி ஒரு சீட்டை நீட்டினாள். வகுப்பாசிரியை ஜெயந்தி எழுதியது. "தர்ஷினி, எட்டாம் வகுப்பு. பல்லி. தலை. பார்க்கவும்." அவ்வளவுதான். ஜெயந்தி விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவர்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"வலிக்கல மிஸ்," என்றாள் தர்ஷினி, கண்ணைத் திறக்காமலே. "செத்துடுவேன் மிஸ்."

"எப்போ?"

அவள் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "எப்போடி?" என்றாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள்.

"கேலண்டர்ல டைம் போடல மிஸ்."

நான் தர்ஷினியைக் கட்டிலில் உட்கார வைத்தேன். மற்ற நால்வரையும் வகுப்புக்குப் போகச் சொன்னேன். அவர்கள் போகவில்லை. சாகும்போது பக்கத்தில் இல்லாமல் கணக்கு வகுப்பிலா இருக்க முடியும் என்பது போல நின்றார்கள்.

கத்திரிக்கோல் இருக்கும் இடம்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவள். முதுகு வலி வந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருக்கட்டும் என்று திண்டிவனத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நர்ஸாகச் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தினமும் காலையில் விழுப்புரத்திலிருந்து பஸ், சாயங்காலம் திரும்பவும் பஸ்.

சிக் ரூம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஃபேன், எடை பார்க்கும் மிஷின் ஒன்று. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும். உயரமான பையன்கள் சும்மா தலைவலி என்று பொய் சொல்லி வந்தால்கூட, கட்டிலிலிருந்து எழும்போது இடித்துக்கொண்டு நிஜமான தலைவலியோடு போவார்கள்.

பிரசவ வார்டில் ரத்தத்தையும் கூச்சலையும் பார்த்தவளுக்குப் பள்ளிக்கூடம் என்ன பெரிய விஷயம் என்ற மிதப்போடு போனேன். முதல் நாள் வந்த முதல் கேஸ், இரண்டு ஆறாம் வகுப்புப் பையன்கள். இரண்டு பேருடைய ஐடி கார்டு நாடாவும் ஏழெட்டு முடிச்சில் பின்னிக் கிடந்தது. கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இதுக்கு எதுக்குடா என்கிட்ட வந்தீங்க?"

"கத்திரிக்கோல் உங்ககிட்டதான் இருக்குதாம் மிஸ்."

அன்றைக்குப் புரிந்தது. எந்த டீச்சருக்கும் எங்கே அனுப்புவது என்று தெரியாத எல்லாமே என்னிடம்தான் வரும்.

அடுத்த வாரம் ஒரு பையனை அனுப்பினார்கள். காரணம், கொட்டாவி. அவன் விட்டால் பக்கத்துப் பையன் விடுகிறான், அவனைப் பார்த்து அடுத்தவன், கடைசியில் வரலாறு டீச்சரே விடுகிறார். தொற்று நோய் என்று சொல்லித் தனிமைப்படுத்த அனுப்பிவிட்டார். நான் அவனை எதிரே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் வந்துவிட்டது. அவன் கட்டிலிலும் நான் நாற்காலியிலுமாகச் சாப்பாட்டு மணி வரைக்கும் தூங்கினோம்.

ஒரு யுகேஜி பையன் மூக்கில் மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு வந்தான். முழுக் கொட்டை இல்லை, பாதி பருப்பு. எடுத்துப் போட்டுவிட்டு ஏண்டா இப்படி என்று கேட்டேன்.

"உள்ள போவுமான்னு பாத்தேன் மிஸ்."

"போச்சா?"

"போச்சு மிஸ்," என்றான், அதில் அவனுக்கு எந்த வருத்தமும் இல்லை. மிச்சம் பாதி எங்கே என்று கேட்டதற்குச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எனக்குத் தின்னக் கொடுத்தான். அந்த நல்ல மனசுக்காக அவனை யாரிடமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கணக்குப் பரீட்சை அன்றைக்கு வரும் வயிற்று வலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. எந்தப் பள்ளியிலும் உண்டு. என்னிடம் வந்த ஒருவன் மட்டும் வித்தியாசமானவன். வலியே இல்லை என்றான். "பதினொன்றரைக்கு மேல வலிக்கும் மிஸ், அதான் முன்னாடியே வந்துட்டேன்." அவன் இப்போது வங்கியில் இருக்கிறான் என்று கேள்வி. முன்யோசனை உள்ளவன் பிழைத்துக்கொள்வான்.

கையைத் தூக்கிய கதை

ஆனால் பல்லி விழுந்ததற்கு ஏன் நர்ஸிடம் அனுப்ப வேண்டும்? இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம். சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங். ஆண்டு விழாவுக்கு ஷாமியானா எந்த நிறத்தில் போடுவது என்று முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் அடுத்ததில் நிற்கவும் இடம் இருக்காது. அந்த நேரத்தில் டியூப் லைட்டிலிருந்து ஒரு பல்லி பிரின்சிபால் மேடத்தின் தோளில் விழுந்து, புடவை வழியாக இறங்கி, மேஜைக்கு அடியில் ஓடிப் போயிற்று.

மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. தோளில் விழுந்தால் வெற்றிதான், பயப்பட வேண்டாம் என்றார் ஒருவர். அது இடது தோளா வலது தோளா என்று பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லோரும் படித்தவர்கள். நான்கு பேர் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பலன் தேடினார்கள். நான்கு ஃபோனிலும் நான்கு பலன் வந்தது.

அப்போது ஆயா செல்வி சொன்னாள்: "இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு? காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியத் தொட்டவங்க யார்னா இருந்தா, அவங்களத் தொட்டா போதும். தோஷம் போயிடும்."

இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காஞ்சிபுரம் கோயிலில் மேலே இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்தவரைத் தொட்டால், நாமே தொட்ட மாதிரி. மேடம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பல பேர் போனதில்லை. போனவர்கள் சின்ன வயதில் போனதால் செல்லுமா என்று சந்தேகப்பட்டார்கள். இனி அது ஒரு அரை மணி நேரம் ஓடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் கையைத் தூக்கினேன். "நான் தொட்டிருக்கேன் மேடம். போன வருஷம்தான்."

மேடம் எழுந்து வந்து, பட்டம் வாங்குகிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். மீட்டிங் அதோடு முடிந்தது. ஷாமியானா நீலம் என்று அடுத்த நொடியில் முடிவானது. எனக்குப் பஸ்ஸும் கிடைத்தது.

காஞ்சிபுரம் போனது உண்மை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். கோயிலில் பல்லி தொடக் கூட்டம் நின்றது. பைகளோடு வரிசையில் நிற்க முடியாது என்று, யாராவது ஒருத்தர் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எங்கே போனாலும் அந்த ஒருத்தர் நான்தான். பதினோரு பேர் போய்த் தொட்டுவிட்டு வந்தார்கள். நான் ஆறு பட்டுப் புடவைகளையும் ஒரு பிளாஸ்கையும் காவல் காத்தேன். அதன் பிறகு எல்லோருக்கும் பசி. திரும்பி வந்துவிட்டோம்.

ஆக, எங்கள் குடும்பத்திலேயே அந்தப் பல்லியைத் தொடாத ஒரே ஆளை ஊரே தொட ஆரம்பித்தது.

மாதத்துக்கு இரண்டு கேஸ் வரும். மழைக் காலத்தில் அதிகம். தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது, டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்தது. கணக்கு சார் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் வந்து, "சும்மாதான், நம்பிக்கை எல்லாம் கெடையாது," என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டுப் போனார். ஸ்கூல் வேன் டிரைவர் வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடச் சொன்னார். தொட்டேன்.

ஒரு நாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதுகொண்டே வந்தான்.

"பல்லி வுழுந்துச்சா?"

"இல்ல மிஸ். நான்தான் பல்லி மேல வுழுந்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இப்ப தோஷம் எனக்கா மிஸ், பல்லிக்கா?"

அவனைத் தொட்டு அனுப்பினேன். பல்லிக்கு நம்மால் ஆனது ஒன்றும் இல்லை.

காரணம்: பல்லி

தர்ஷினிக்கு வருவோம். வழக்கம் போல நெற்றியில் இரண்டு விரலை வைத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அதற்குள் பி.டி. மாஸ்டர் ஓடி வந்துவிட்டார். விசில் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், ஜல்தி தொட்டு அனுப்புங்க. நாளைக்கு விழுப்புரத்துல டிஸ்ட்ரிக்ட் ரிலே. கடைசி ரவுண்டு இவதான். இவ இல்லன்னா டீமே இல்ல."

எங்கள் பள்ளி மாவட்ட அளவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் ரிலே ஓடும் நான்கு பெண்களையும் விடிகாலையில் வரவழைத்து, மூச்சு வாங்க ஓட வைத்து, தன் கையால் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து உருவாக்கியிருந்தார். இவளை அனுப்பாவிட்டால் அவருக்குத்தான் நான் மருந்து கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

தர்ஷினியின் தலையில் கையை வைத்தேன். கண்ணைத் திறந்தாள். முகத்தில் களை வந்தது. "பசிக்குது மிஸ்," என்றாள். துணைக்கு வந்த நால்வரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

உடனே அவள் முகம் மறுபடியும் சுருங்கிவிட்டது.

"மிஸ், எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு வுடமாட்டாரு. பல்லின்னா அவருக்கு ஆவவே ஆவாது. வூட்ல ஒரு பல்லி சத்தம் போட்டாகூட வெளிய போனவரு திரும்பி வந்துடுவாரு."

"தெரிஞ்சாத்தான?" என்றேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்தப் பிள்ளை சிக் ரூமுக்கு வந்தாலும் ஆபீஸிலிருந்து பெற்றோர் ஃபோனுக்குத் தகவல் போய்விடும். அந்த வருஷம்தான் வந்த புது ஏற்பாடு. ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தேன். போயேவிட்டது. காய்ச்சல், வாந்தி, காயம் என்று காரணங்கள் வரிசையாக இருக்கும், ஒன்றை அழுத்தினால் போதும். பல்லி அதில் இல்லை. ஆபீஸ் பெண் பொறுப்பானவள், தானே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள்.

"உங்கள் மகள் தர்ஷினி சிக் ரூமில் உள்ளார். காரணம்: பல்லி."

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒலக்கூர் பக்கத்திலிருந்து அவர் பைக்கில் வந்துவிட்டார். பெயர் ஏழுமலை. கழனியில் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், அப்படியே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"எங்க வுழுந்துச்சு?" என்றார். பிள்ளை எங்கே என்றுகூட முதலில் கேட்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் நால்வரும் பேச ஆரம்பித்தார்கள். நடுத் தலையில் என்றாள் ஒருத்தி. இல்லை அங்கிள், நெற்றியில் விழுந்து தலைக்கு ஓடியது என்றாள் இன்னொருத்தி. அது முதலில் ஃபேன் மேல் விழுந்து, ஃபேன் சுற்றிவிட்டதில் அவள் மேல் விழுந்தது, அதனால் அது கணக்கில் வராது என்றாள் மூன்றாவது பெண். நான்காவது பெண் பல்லியையே பார்க்கவில்லை, ஆனால் அவள்தான் அழுதாள்.

பி.டி. மாஸ்டர் மூன்றாவது பெண்ணின் கட்சியில் சேர்ந்துகொண்டார். "ஃபேன் தூக்கிப் போட்டதுங்க. அது தானா வுழல."

ஏழுமலை எதையும் காதில் வாங்கவில்லை. "புள்ளைய இட்டுக்கினு போறேன். ஒரு வாரம் எங்கயும் அனுப்பறதா இல்ல," என்றார். தர்ஷினி தன் கால் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பி.டி. மாஸ்டர் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த ஷூ என்று எனக்குத் தெரியும். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

"சார்," என்றார் பி.டி. மாஸ்டர், கடைசி முயற்சியாக, "சிஸ்டர் தங்கப் பல்லியத் தொட்டவங்க. இவளத் தொட்டாச்சு. எல்லாம் சரியாப் போச்சு."

ஏழுமலை முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"புள்ளைங்கள கொஞ்சம் வெளிய அனுப்புங்க நர்ஸம்மா," என்றார். "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

குளித்துவிட்டுப் போனவர்

எல்லோரும் போன பிறகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். சேறு ஒட்டிவிடும் என்று கால்களை நீட்டி வைத்துக்கொண்டார்.

"தர்ஷினி அம்மா இல்ல, தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். இறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும்.

"காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். நாலு நாளு. நான்தான் கூட இருந்தேன். மாத்துத் துணி எடுத்தாரலாம்னு காலைல வூட்டுக்கு வந்தேன். கதவத் தொறக்கறேன், நெலப்படிலேருந்து சரியா உச்சந்தலைல வுழுந்துச்சு. தலைன்னா ஆவாதே. இதோட போயி அவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு, தலைக்கு ஊத்திக்கினு, கோயிலுக்குப் போயி வெளக்கு ஏத்திட்டு, அப்பறம் பஸ் புடிச்சுப் போனேன். ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு நர்ஸம்மா. நான் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உசுரு போச்சாம். எங்க அவரு, எங்க அவருன்னு கேட்டுக்கினே இருந்துச்சாம்."

பிரசவ வார்டில் இருந்தபோது இப்படி எத்தனையோ பேர் வராந்தாவில் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அப்போது செய்தது போலவே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டினேன்.

"பல்லி வுழுந்ததால அவ போயிட்டாளா, இல்ல நான் குளிக்கப் போனதாலதான் பாக்காம வுட்டுட்டேனா, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அந்த மெசேஜப் பாத்ததும் மடையக்கூட அடைக்காம வந்துட்டேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நெஜமாவே தொட்டிருக்கீங்களா?"

தொட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் நாளைக்கு ஓட அந்த ஒரு வார்த்தை போதும். எத்தனையோ பேரிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன். வேன் ஸ்டியரிங்கிடம்கூடச் சொன்னவள். ஆனால் மனைவி செத்த கதையைச் சொல்லிவிட்டுக் கேட்கிற ஆளிடம் எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க," என்றேன். "தொடல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு நாள் பொய் சொல்லிட்டேன். அப்படியே ஆயிடுச்சு. அன்னிக்கு நான் மண்டபத்துல பைங்களப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

சொல்லும்போதே எனக்கு மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். தர்ஷினிக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் பயமாக இருந்தது.

ஏழுமலை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க தொட்டதும் பயம் போயிடுச்சா அதுக்கு?"

"பசிக்குதுன்னு சொன்னா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப சொல்லாதீங்க," என்றார். "நாளைக்கு ஓடட்டும்."

தர்ஷினி ஓடினாள். விழுப்புரத்தில்தானே, நானும் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவதாக ஓடிய பெண் குச்சியைக் கீழே போட்டுவிட்டதால் நாலாவது இடம்தான் வந்தது. பி.டி. மாஸ்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தர்ஷினி மட்டும், தன்னிடம் குச்சி வந்தபோது ஆறாவது இடத்தில் இருந்தோம் என்பதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்றைக்குச் சிக் ரூமில், ஓடட்டும் என்று சொன்ன பிறகும் ஏழுமலை எழுந்து போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். கூரை சரிந்திருந்த பக்கம் பார்த்து இடிக்காமல் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். பிறகு தலையைக் குனிந்தார்.

"எனக்கும் ஒரு வாட்டி வெச்சிடுங்க நர்ஸம்மா."

"நான்தான் தொடவே இல்லன்னு சொன்னேனே."

"கேட்டேன்," என்றார். "வெய்ங்க."

நான் அவர் தலையில் கையை வைத்தேன். வெயிலில் வந்த தலை, சுட்டது. பிள்ளைகளுக்கு என்றால் இரண்டு விரல், ஒரு நொடி, போடா என்று அனுப்பிவிடுவேன். இவருக்கு எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவராக நிமிரும் வரைக்கும் வைத்திருந்தேன்.